இந்த மாதமே கடனை அடைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் இருக்கிற நகையை எல்லாம் விற்று, இந்த மாதத்துக்குள் மொத்தக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் நிம்மதியாகச் சோறு சாப்பிடுவேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். இந்த மாதம் எந்தக் கடனையும் அவசரப்பட்டு முழுசாக அடைக்காதே. கடன் வாங்கியவனிடம் ஓர் அக்கா இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பேரும் கடைப் பேரும் வராமல் பொதுவில் எழுதிக்கொள் அக்கா என்று நீயே சொன்னதால் இங்கே எழுதுகிறேன். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். உன்னை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வாழவே பிடிக்கவில்லை என்கிற உன் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி அன்றைக்கே போனில் பேசிவிட்டோம். உன் மனைவியும் மறுநாள் காலையிலேயே உன்னை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டாள். அதனால் அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால், கடனை நினைத்து அந்த மாதிரி வரியை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிற வேறு யாராவது இதைப் படித்தால், மீதியை அப்புறம் படியுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு முதலில் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற இந்த மனநல உதவி எண்ணை மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் நீ மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல், ராத்திரி ஒரு மணிக்குத் தறிக்காரர்களுக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுத்தாய். மலேசியாவுக்கு ஏற்றுமதி என்று லெட்டர்பேடு அடித்தாய். நெல்லூர்பேட்டையில் குடோன் பிடித்து அட்வான்ஸ் கொடுத்தாய். இது பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகிற நோய், இப்போது மேனியா என்கிற ஏற்றம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தச் செலவெல்லாம் நோய் செய்த செலவு என்று உன் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆடி பிறந்ததும் நீ கீழே இறங்கிவிட்டாய். இப்போது விடிந்தால் கடன்காரர் முகம், இருட்டினால் அவமானம். இருப்பதை எல்லாம் விற்றுக் கொடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிறாய். இந்தத் தவிப்பை யாரும் நோய் என்று சொல்வதில்லை. பார்க்க நாணயமாக இருக்கிறதல்லவா? உன் மாமனார்கூட, பையன் திருந்திட்டான் என்றாராம்.

கண்டபடி செலவு செய்வது மேனியாவின் அறிகுறி என்று மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறிய குற்ற உணர்ச்சி மனச்சோர்வின் அறிகுறி என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சி நகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டதே என்பதுதான் என் கவலை. சித்திரையில் போட்ட ஆர்டர் எவ்வளவு உன்னுடையதோ, ஆடியில் எடுக்கிற இந்த முடிவும் அவ்வளவுதான் உன்னுடையது. எனக்கும் இதே நோய்தான், எத்தனையோ வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஏறும்போது எல்லோரும் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார்கள். இறங்கும்போது நாம் செய்கிற அவசரத்தைத் தடுக்க ஆள் இல்லை.

நகையை விற்றால் சேதாரமும் செய்கூலியும் போனது போனதுதான். மறுபடி வாங்கும்போது இரண்டையும் புதிதாகக் கொடுத்து, மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், இந்த நோய் திரும்ப வரக்கூடியது. அடுத்த தடவை வீட்டில் அடகு வைக்கக்கூட ஒரு குண்டுமணி இல்லை என்றால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உன் மனைவி நாள்வசூலுக்குக் கடன் தருகிற தண்டல்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். சோர்வில் இருக்கிறவன் யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்குத்தான் முதலில் கொடுப்பான். நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். ஓயாமல் போன் செய்த கிரெடிட் கார்டுக்காரருக்கு 12,000 ரூபாய் போயிருக்கிறது. வாயைத் திறக்காத தறிக்காரருக்கு ஒன்றும் போகவில்லை. அரிசி, பால், பிள்ளைகளின் ஃபீஸ், கரண்ட் பில், மாத்திரை, இவற்றுக்கான பணத்தை முதலில் தனியாக எடுத்து உன் மனைவியிடம் கொடுத்துவிடு. அதற்கு அடுத்தது தறிக்கூலி. நீ கேட்டாய், அவர்கள் நெய்து மடித்துக் கொடுத்துவிட்டார்கள். உன் நோய்க்கு அவர்கள் வட்டி கட்டுவது நியாயமில்லை. ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் வாராவாரம் இவ்வளவு என்று நேரில் போய்ச் சொல், சொன்ன கிழமையில் கொடு.

சித்தம் சரியில்லாத நேரத்தில் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். உண்மைதான். நல்ல நிலையில் இருக்கிறவர்களும், அவ்வப்போது சித்தம் கலங்குகிற சமயத்தில் ஒப்பந்தம் போட முடியாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அன்றைய தேதியில் நீ அந்த நிலையில்தான் இருந்தாய் என்று நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. குடோன் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க ஒருவேளை உதவும். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் கணக்கில் வரும். சிகிச்சைச் சீட்டுகளைத் தேதிவாரியாக எடுத்துக்கொண்டு போய்க் கேள். தறிக்காரரிடம் மட்டும் அந்தப் பிரிவைக் காட்டாதே. காட்டினால் உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன்.

பைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போட்டு நிரப்பாமல் கொடுத்த செக் ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. செக் திரும்பினால் 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கேஸ் போடலாம், சிறைத் தண்டனைவரை போகிற விஷயம். ஆனால் அந்த 15 நாள் பேசித் தீர்க்கக் கிடைக்கிற நாளும்கூட. சோர்வில் இருக்கிறவர்கள் கவரைப் பிரிக்க மாட்டார்கள், அப்படியே டிராயரில் போட்டுவிடுவார்கள். இனி வருகிற தபாலை எல்லாம் உன் மனைவி பிரிக்கட்டும். இதைவிடச் சுலபமான ஏற்பாடு வேறு கிடையாது.

தண்டலையும் கார்டையும் கணக்குப் போட்டுப் பார். கையில் 9,000 வாங்கி, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறாய். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். வருஷக் கணக்குக்கு அது 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. கார்டில் 80,000 பாக்கி, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள். வட்டி 2,800, அதற்கு ஜி.எஸ்.டி. 504. மினிமம் டியூ என்று 4,000 கட்டினால் அசலில் 700 ரூபாய்கூடக் குறையாது. ஆகவே நகையில் கொஞ்சத்தை, தாலிச் செயினைத் தொடாமல், உன் மனைவி மனசார ஒப்புக்கொண்டால் மட்டும், கூட்டுறவு சங்கத்திலோ அரசு வங்கியிலோ அடகு வைத்து இந்த இரண்டையும் முடிப்பது கணக்குப்படி சரிதான். நகைக் கடன் வட்டி இவற்றில் ஒரு சிறு பங்குதான். அதையும் இப்போது செய்யாதே. தூக்கமும் பசியும் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு செய். அதற்குள் ஏறுகிற வட்டியை நான் நஷ்டமாகவே நினைக்கவில்லை.

லோன் ஆப்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் கொடு. புதிதாக ஒரு ஆப்பில் கடன் வாங்கிப் பழையதை அடைக்கிற வேலை மட்டும் கூடாது. கூட்டாளியிடம் வாங்கிய கைமாத்தைப் பற்றி நீ அழுகிறாய், அவனோ உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறான். விடு, அவன் காத்திருப்பான்.

மாத்திரைக் காசில் மிச்சம் பிடிக்கிற யோசனை இருந்தால் இப்போதே மறந்துவிடு. நீ சாப்பிடுகிற லித்தியம் மாத்திரைக்கு ரத்த டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். லித்தியம் அளவோடு கிட்னியும் தைராய்டும் பார்ப்பார்கள். நம் வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கடை கடையாக லைனுக்கு அலைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மீறி ஏறிவிடும். தலைவலிக்கு என்று கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டாலும் ஏறும். பணம்தான் தடை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போ. மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியையும் எடுத்துப் பார். உடல்நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தில் இருக்கிறது.

அடுத்த ஏற்றத்துக்கு என்ன செய்வது என்பதை நீ தெளிந்த பிறகு, உன் மனைவியோடு உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுது. அதே 2017 சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஒருவரைக் குறிப்பிட இடம் இருக்கிறது, ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும்தான். உன் கணக்கில் அவர் கைவைக்க முடியாது. பணத்துக்கு வீட்டு ஏற்பாடுதான். என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் என் கணக்கில் வருகிறது. டெபாசிட் எல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று போட்டு வைத்திருக்கிறோம். கூட்டுக் கணக்கு என்றாலே இப்படி என்று நினைத்துவிடாதே. இருவரில் ஒருவர் எடுக்கலாம் என்று ஃபாரத்தில் டிக் அடித்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. யு.பி.ஐ. இருக்கிற கணக்கில் அந்த வாரச் செலவுக்கு மேல் வைப்பதில்லை. 5,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் நடுவில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை என்றால் வாங்குவதில்லை, அன்றைக்கே டாக்டருக்குப் போன்.

ஒன்று மட்டும் உன் மனைவிக்கும் உன் மச்சானுக்கும் சொல்கிறேன். ஏ.டி.எம். கார்டு, கல்லாச் சாவி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, டீ குடிக்கக்கூட அவனைக் கை நீட்ட வைக்காதீர்கள். வியாபாரி அவன். சட்டைப் பையில் காசில்லாமல் கடையில் உட்கார்ந்தால் அந்தச் சோர்வு இன்னும் ஒரு மாதம் நீளும்.

மிச்சம் இருக்கிற சரக்கு வீணாகிற சரக்கு இல்லை. நூறு வருஷம் ஆனாலும் நம் பக்கத்து ஆம்பிளைகள் லுங்கி கட்டத்தான் போகிறார்கள். ஆற்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற என் நாத்தனார் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கட்டம் போட்டதில் ஒரு கட்டு, வெள்ளையில் ஒரு கட்டு எடுத்து வை. கடன் பட்டியலையும் தேதியோடு எழுதி வைக்கச் சொல், உன் மனைவி எழுதட்டும். விலை விஷயத்தில் நீ வாயைத் திறக்காதே. இப்போது உன்னைப் பேசவிட்டால் சும்மாவே கொடுத்துவிடுவாய். விலையை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாலாஜா அக்கா