காரை விட்டு இறங்கி நடக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டா ஊரின் அந்த வறண்ட நிலத் தாவரவியல் தோட்டத்தில் எடுத்திருக்கிறாயே, உடம்பெல்லாம் நீலமும் சிறகில் மட்டும் வெள்ளையுமாக ஒரு பொடிக் குருவி, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் கண்ணிலேயே விழுந்திருக்கிறது. கூந்தன்குளத்தில் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாரை எங்கே என்று அழுத பிள்ளைதானா இது? ஈமு படத்தை மட்டும் சித்தப்பாவுக்கு அனுப்பிவிடாதே. பெருந்துறை ஈமு பண்ணையில் போட்டு 2012-ல் போன பணத்துக்கு இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான்.

இத்தனை படத்தில் ஒன்றிலாவது உன் முகம் இல்லையே என்றாள் அம்மா. எடுக்க ஆள் வேண்டாமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அடுத்து பேர்ட்ஸ்வில் பாதையில் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். மர்ரீ ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர், முழுக்க மண்ணும் கல்லும். நடுவில் பெட்ரோல் கிடைப்பது மங்கெரானியில் மட்டும்தான், அதுவே இருநூறு கிலோமீட்டர் தாண்டி. சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுத்துக்கொள், காசைப் பார்க்காதே. ஸ்டெப்னி இரண்டு வேண்டும். மாற்றத் தெரியுமா உனக்கு? முன்பு அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வை. எத்தனை ஆள் என்று நீதான் எழுதவில்லை.

1963 டிசம்பரில் அந்தப் பாதையில் ஒரு குடும்பத்துக்குப் பெட்ரோல் தீர்ந்துபோனது. காரில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு நடந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் தாகத்தில் செத்தார்கள். வண்டி நின்றால் வண்டியோடு இரு. தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது கார்தான், மனுஷர் இல்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, சொன்னால் கேட்கிற ஆளா நீ?

மங்கெரானியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சூடாக வந்து தேங்கி ஒரு சதுப்பே உண்டாகியிருக்கிறது. அங்கே ஒரு நாள் சும்மா உட்கார். ஸீப்ரா ஃபின்ச் குடிப்பதைக் கவனி. மற்ற குருவிகள் மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்காது. ஆரஞ்சு மூக்கை முக்கியபடி உறிஞ்சிவிட்டுப் போய்விடும். கழுகு, பருந்து வரும் இடத்தில் அதற்கு அவ்வளவுதான் நேரம். ஃபின்ச் கூட்டம் கண்ணில் பட்டால் பக்கத்தில் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்.

மழை பெய்திருந்தால் நாம் லவ் பேர்ட்ஸ் என்கிற பட்ஜெரிகர் கிளிகள் ஆயிரக்கணக்கில் வரும். ஆச்சி வீட்டுத் திண்ணைக் கூண்டில் வளர்த்தோமே, அதன் சொந்த ஊரே அதுதான். அங்கே எல்லாம் பச்சைதான், நீலமும் வெள்ளையும் கூண்டில் வளர்த்து உண்டாக்கியது. ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் செத்துவிடும் என்று ஆச்சி சொல்வாள். நீகூட அழுதாய். அதெல்லாம் பொய், பாப்பா. நம் வீட்டுப் பெட்டை இரண்டு நாள் உம்மென்று இருந்தது, அப்புறம் தினையைக் கொத்த ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இருந்ததே, சத்தத்துக்கும் குறைவில்லை. ஊர்க்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள்.

சரி. சாலையில் கங்காரு அடிபட்டுக் கிடந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறை. ஆப்புவால் கழுகு தின்றுகொண்டிருக்கும், இரண்டு மீட்டருக்கு மேல் விரிகிற சிறகு, வயிறு நிறைந்த கனத்தில் சட்டென்று எழும்ப வராது. படம் எடுக்கிற ஆசையில் கிட்டே ஓட்டாதே. பொழுது சாய்ந்தபின் ஓட்டவே வேண்டாம். மழை என்றால் பாதையையே மூடிவிடுவார்கள், மர்ரீயில் விசாரித்துவிட்டுக் கிளம்பு. காரை விட்டு இறங்கி நடக்காதே.

அம்மாவுக்குத் தனியாக ஒரு போன் பண்ணு. பறவைக் கதை வேண்டாம், வேறு பேசு. அவள் என்னைப்போல் இல்லை, நேராகக் கேட்பாள். நீயும் நேராகச் சொல். சொன்ன பிறகு என்னிடமும் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தப் பயணத்தை ஆடிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பார். அங்கே குளிர்காலம், வெயிலும் தாங்கும். முன் சீட் காலியாக இருந்தால் நான் வருகிறேன். கூடாரத்தில் படுப்பேன், ரொட்டியும் ஜாமும் போதும், வழியெல்லாம் தொணதொணக்க மாட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், 2031 வரை இருக்கிறது.

அப்பா