ஆஃபர் படம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இங்குள்ள சிறு கடைக்காரர்கள் பலர் இன்னமும் இன்ஸ்டாகிராமில் 'இன்று ஆஃபர்' என்று படம் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: கரிசல் நிலத்துக் கடலையா, வெல்லப் பாகை எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பார்சல் நொறுங்காமல் வருமா. இதையெல்லாம் கடையில் நின்று பேசுவது போலவே தமிழில் எழுதுங்கள், காசு கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம்தான். அங்கே திறக்கும் நேரமும் போன் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் ரீல்ஸ் எடுக்கலாம். மாவட்டத் தொழில் மையம் இதற்கென்றே ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும்.

- ஒரு வாசகர், கோவில்பட்டி