அண்ணனுக்கு: வண்டி வாங்கிவிட்டேன்

அன்புள்ள அண்ணா,

இன்று கார்த்திகை தீபம். வாசலில் அகல்களை ஏற்றி வைத்துவிட்டு, எண்ணெய்க் கை காய்வதற்குள் இதை எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "யோசித்துச் செய் பாப்பா" என்று முடித்துவிடுவாய். அந்த ஐந்து நொடிக்குப் பிறகு எனக்கும் பேச்சு வராது. உறவினரும் படிக்கும் இடத்தில்தான் எழுதுகிறேன் என்பதை மறக்கவில்லை. ஆகவே சில இடங்களில் நான் சட்டென்று நிறுத்திக்கொண்டால், மீதி உனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்.

வண்டி வாங்கிவிட்டேன். 1984இல் பதிவான, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய ‘காஸ்ட் அயர்ன்’ புல்லட் 350 மோட்டார் சைக்கிள். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. அது ஓடாத வண்டியாக இருந்ததால் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரை போய், கோட்டை மலைகளைக் கீழிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இனிச் சொல்லலாம் என்று தோன்றியது.

நாற்பது வயதில், கியர் வண்டியே ஓட்டியறியாத ஒருத்தி, முதல் வண்டியாக இதையா எடுப்பாள் என்று நீ கேட்பாய். புதிதாக எடு, திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகிக்கொள்ளாத ஏ.பி.எஸ். உள்ளதாக எடு, சுவிட்சைத் தொட்டால் கிளம்புவதாக எடு என்று நீ மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னாய். அதில் ஒரு சொல்லும் தவறில்லை. இதன் பிரேக் முன்னும் பின்னும் டிரம். லாரிக்குப் பின்னால் போகும்போது நீ விடுகிற இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு நான் விட்டாக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் மூன்று மடங்கு. எழுபதைத் தாண்டினால் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் எடுத்தேன்.

ஆனால் நீ எதிர்பார்க்காத ஒரு வசதி எனக்கு இருந்தது. இதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மற்ற வண்டிகளில் பழகியவர்கள் இதில் ஏறினால், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். எனக்கு மறப்பதற்கு எதுவுமே இல்லை. யாரும் எனக்குக் கற்றுத் தராததில் கிடைத்த ஒரே லாபம் அதுதான். லைசென்ஸில் கியர் வண்டியைச் சேர்க்கும் தேர்வுக்கு இந்த வண்டியையே கொண்டுபோய் எட்டுப் போட்டேன். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் திருப்ப முடியுமா என்று கேட்ட அதிகாரி, நான் கால் ஊன்றாமல் முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத்தோப்புக் கொட்டகையில் அது நின்றிருந்தது. இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன்; சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எண்ணும் புத்தகமும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், அதன் பிறகு பெயர் மாற்றம். இன்ஜினைப் பிரிப்பதற்கு ஆன பொறுமையைவிட அந்த வரிசைகளில் நிற்பதற்கு ஆன பொறுமைதான் அதிகம். கிக்கரை மிதித்தால் இறங்கியது, பிஸ்டன் இறுகவில்லை. அது போதும் என்று எழுபதாயிரத்துக்கு முடித்தேன். வயரிங்கை எலி தின்றிருந்தது. நெடுநாள் நின்றதில் ஆயில் முழுவதும் அடியில் இறங்கிக் கிடந்தது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. உதிரிப் பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு நான் போன ரயில் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சீட்டுக்கட்டு தேறும்.

இப்போது எழுத வந்ததை எழுதுகிறேன்.

1998, இதே நாள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, செஞ்சிக்கு நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும்போது அப்பாவின் புல்லட் இரண்டு முறை விக்கி நின்றது. நீ பெட்ரோலைப் பார்த்தாய், பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய், பிறகு அந்த வட்ட மூடியைத் திறந்து, பிளக்கில் தீப்பொறி விழவைக்கும் பாயிண்டைக் கழற்றினாய். நான் டார்ச் பிடித்தேன். சாலையின் இரு பக்கமும் கரும்பு. அந்த வெளிச்சத்தில் பாயிண்டின் இரண்டு முகங்களும் கரிந்து, ஒன்றில் ஊசி முனையளவு ஒரு மேடு தெரிந்தது. நீ அதைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் மெல்லத் தேய்த்தாய். பிறகு சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டை எடுத்து மடித்து, அந்த இடைவெளியில் விட்டுத் துடைத்தாய். "ஆட்டாதே, ஆட்டாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். என் கை குளிரில் நடுங்கியது என்று நான் சொல்லவில்லை. அதைவிடப் பெருமையாக ஒன்று எனக்கு அதுவரை நடந்ததில்லை. அந்த இன்ஜினுக்குள் ஒளி விழுவது என் கையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாயிண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை நீ என் இடக்கையில்தான் கொடுத்தாய், அண்ணா. அரிசி மணியைவிடச் சற்றே பெரியது. கிரிவலம் முடித்துத் திரும்பும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து வந்தது. எல்லோரும் ஒரே குரலில் அரோகரா போட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கை காலியாக இருந்தது, அவ்வளவுதான். நீ கேட்டபோது, "என்னிடம் நீ தரவே இல்லை" என்றேன்.

ஒரு மணி நேரம் மண்டியிட்டு ஜல்லிக்குள் தேடினாய். உன் பாக்கெட்டை நீயே மூன்று முறை வெளியே இழுத்துப் பார்த்தாய். நான் டார்ச் பிடித்தபடி, அது கிடைத்துவிட வேண்டும் என்றும், என் காலடியில் கிடைத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன். செஞ்சி வரை தள்ளினோம். பட்டறை திறக்க விடிந்தது. வீட்டு வாசலில் அப்பா நின்றதும் அதற்கப்புறம் நடந்ததும் உனக்குத் தெரியும். அவரை அறியாதவர்கள் ஒரு காலை நேரத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடக் கூடாது என்பதால் அதை இங்கே எழுதவில்லை. உன் கன்னத்தில் விழுந்தது எனக்கு உரியது என்பதை மட்டும் எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இரவு பதினொன்றரைக்கு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் ஓர் அண்ணனிடம் உண்மையைச் சொல்லும் வயது அதுவா? நீயும் ஒரு ஸ்க்ரூவைப் பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையில் கொடுப்பதற்குப் பதிலாக மூடிக்குள் போட்டு வைத்திருக்கலாம். பார், மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறேன். எத்தனை முறை எழுதினாலும் அந்தப் பத்தி இப்படித்தான் போய் முடிகிறது, விட்டுவிட்டேன்.

ஏனென்றால் அன்றோடு என் பக்கம் கதவு சாத்தப்பட்டது. "பெண் பிள்ளையை இனி அதில் ஏற்றாதே" என்றது அப்பா. சரி. ஆனால் தெருவில் இருந்த பையன்கள் அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்தது நீ. கால் எட்டாத எதிர்வீட்டுப் பையனுக்குத் திண்ணையோரம் வண்டியை நிறுத்தி, கியரைத் தேடாமல் குதிகாலால் நியூட்ரல் லிவரை அழுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாய். நான் ஜன்னலில் நின்று கேட்டேன். ஒரு நாள் நானும் மிதித்துப் பார்க்கிறேன் என்றபோது, "உனக்கு ஸ்கூட்டி போதும், உன் கையில் எதுவும் நிற்காது" என்றாய். அந்தச் சொல்லை நீ தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால், அதைவிட அன்று என்னை அடித்திருக்கலாம்.

அப்பாவின் வண்டியை விற்றதைப் பற்றி இங்கே பேசமாட்டேன். அண்ணி படிப்பார், அவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை எல்லோரும் அறியவே சொல்கிறேன். மருத்துவமனைக் கணக்கைத் தீர்த்தது அந்தப் பணம்தான் என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே: பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், வெறும் கொட்டகையைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா?

"இது சீமை வண்டி இல்லை, திருவொற்றியூர் வண்டி" என்று அப்பா வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார், நினைவிருக்கிறதா? முதலில் ராணுவத்துக்காக இங்கிலாந்திலிருந்து வாங்கத் தொடங்கினார்கள், பிறகு 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நாட்டின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே செய்ய ஆரம்பித்தது. பிறந்த வீட்டில் அந்த மாடல் 1960களிலேயே நின்றுபோனது; புகுந்த வீட்டில் அதே இன்ஜின் இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் ஏன் அவ்வளவு பெருமைப்பட்டார் என்பது பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அகலத்தைவிட உயரம் அதிகமான உருளை, அதோடு இன்ஜினின் சுழற்சியைச் சீராக வைக்கும், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஃபிளைவீல். அதனால்தான் அது அவசரப்படுவதில்லை. நான்காம் கியரில் நாற்பதில் போகும்போதும் திணறாமல், ஒவ்வொரு அடியாக எண்ணிக் கொடுப்பதுபோல் போகிறது. சாமான் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் போகிற வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

வால்வைத் திறக்கும் தண்டான புஷ் ராடைச் சரிபார்ப்பதை நீ எனக்குக் காட்டியதே இல்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வுகளும் மூடிய நிலை. பக்கத்து மூடியைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ராடைப் பிடித்தால் அது தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. சுழலவில்லை என்றால் இறுக்கம், ஆடினால் தளர்ச்சி. அளவுத் தகடு எதுவும் வேண்டாம், விரல் சொல்லிவிடும். என் கையில் எதுவும் நிற்காது என்றாயே, அந்தக் கைதான்.

கிக்கர் மட்டும் முதல் மாதம் என்னைப் பழிவாங்கியது. அவசரத்தில் மிதித்தபோது எதிர்த்து உதைத்து முழங்காலுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் வீங்கிவிட்டது. பிறகுதான் ஹெட்லைட்டின் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்கக் கற்றேன். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால் முள் இடப்பக்கம் சாய்கிறது. அழுத்தம் ஏறுகிற இடத்தில் முள் நடுவுக்குத் துள்ளும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரை அழுத்தி, பிஸ்டனை ஒரு நூல் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து முழு மூச்சாக ஒரே மிதி. உன் முழங்கால் இப்போது இருக்கிற நிலையில் நீ மிதிக்க முடியாது என்று அண்ணி சொன்னார். கேட்டபோது, எழுதக் கூசுகிறது, ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் வருவதாக அம்மா சொன்னார். ஒன்று கொண்டு வர வேண்டும். வண்டியை விற்றபோது அப்பா ஸ்பேனர்களைச் சுற்றி வைத்திருந்த காக்கித் துணிச் சுருளை மட்டும் நீ கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் வண்டியில் பல நட்டுகள் இன்னும் பழைய இங்கிலீஷ் அளவுதான். கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் இருக்காது. அது போல்ட்டின் அளவு, வாய் அதைப் போல் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் மேலே. மில்லிமீட்டர் ஸ்பேனரில் 13 நுழைவதில்லை, 14 வழுக்கி முனையை மழுக்குகிறது. இரண்டு நட்டுகளை அப்படி நாசம் செய்துவிட்டேன். புஷ் ராடின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டேப்பட்டுக்கான மெல்லிய ஸ்பேனர்களும் அந்தச் சுருளில்தான் இருக்கின்றன. கடையில் வாங்கியவை முதல் இறுக்கத்திலேயே விரிந்துவிட்டன.

கூரியரில் அனுப்ப வேண்டாம். கையில் எடுத்துவா.

சுருளில் ஒன்று குறைகிறது என்று அன்று நீ அம்மாவிடம் சத்தம் போட்டாய். வண்டியை வாங்க வந்தவர்மேல்கூடச் சந்தேகப்பட்டாய். கால் அங்குலம் என்னிடம்தான் இருக்கிறது.

உன்,
பாப்பா