பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

அன்புள்ள பாப்பா,

பெரியம்மா எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பியிருந்ததைக் காலையில் ஜெபம் முடித்த பிறகுதான் பார்த்தேன். "இந்த வரன்தான் தேவசித்தம்னு ஊழியக்காரர் சொல்லிட்டாரு. அம்மா அழுது அழுது ஸ்தோத்திரம் பண்ணுறா. எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா ஒண்ணுமே கேட்கலை? ஆண்டவர் சத்தத்தைக் கேட்க எப்படிப் பழகுறது?" கட்டைவிரலால் போனில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா இது? உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் நாலைந்து பேர் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உன் பெயரை எடுத்துவிட்டு எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நான் செய்த கூத்தைக் கேள். 1984-இல் எனக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு. வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு மூச்சுத்திணறல். எனக்கோ எப்படியாவது ஊரை விட்டுப் போய்விட வேண்டும். ஆண்டவரைக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். கண்ணை மூடி வேதப்புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தேன். முதல் தடவை 1 நாளாகமம். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர். இரண்டாம் தடவை லேவியராகமம், குஷ்டரோகத்தை ஆசாரியன் எப்படிப் பார்க்க வேண்டும் என்கிற பகுதி. மூன்றாம் தடவை ஆதியாகமம் 12: "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு..." ஆண்டவர் பேசிவிட்டார்! முதல் இரண்டு தடவை பேசியது யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரமே ரயிலேறினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மிஞ்சியது உன் அம்மா ஒருத்திதான். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அந்த வருஷப் பரீட்சையை அவள் எழுதவில்லை. இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பதினான்கு மாதத்தில் நான் திரும்பி வந்தபோதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்கிற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில்தான் அம்மாவுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுப்போம். விரலை வைத்துத் தேடிய பதில் கையில் இருந்த டம்ளரிலேயே இருந்தது. நான் கேட்க விரும்பாதது அதுதான்.

பழகுவது எப்படி என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம். யோவான் 14:26. பரிசுத்த ஆவியானவர் வந்து என்ன செய்வார் என்று இயேசு சொல்லுகிறார்: "நான் உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் உங்களுக்கு நினைப்பூட்டுவார்." நினைப்பூட்டுவார்! பால்காரனுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நீ எனக்கு நினைப்பூட்டலாம். பால்காரனையே தெரியாதவளுக்கு எதை நினைப்பூட்டுவாய்? வேதத்தை ஆத்திர அவசரத்துக்கு மட்டும் திறக்கிறவளிடம் ஆவியானவர் எதை எடுத்துக் கொடுப்பார்? வேதத்தில் உள்ள ஆமோஸ் புத்தகத்தையும் யாக்கோபு நிருபத்தையும் அலுப்பாக இருந்தாலும் வருஷா வருஷம் வாசிக்கிறேன் என்றால், என்றைக்கோ ஒரு நாள் அரிசி களையும்போது அதில் ஒரு வரி எழும்பி வரும் என்பதற்காகத்தான்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலம். ஜியோமெட்ரி பாக்ஸ் ஒன்று காணாமல் போனது. ஒரு பிள்ளையின் பையில் அது இருந்தது. எல்லார் முன்னாலும் அவளை முட்டி போட வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெட்டிக்காரியே மறதியாக அந்தப் பையில் போட்டிருக்கிறாள். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். டீச்சர் போய் மன்னிப்புக் கேட்பதா? மூன்று நாள் காலையில், தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் வீடு ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகூட இல்லை, வீடு. அதோடு மத்தேயு 5-இல் உள்ள வார்த்தை: காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று "நினைவுகூருவாயாகில்", காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போ. காதில் ஒரு சத்தமும் விழவில்லை. மயிர்க்கூச்செறியவில்லை. மறந்துபோன சாமானை எடுத்து வா என்று சொன்ன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். போனேன். அவள் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தட்டை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

ஆண்டவர் என்னோடு பேசினார் என்று நெஞ்சில் கை வைத்து நான் சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். சின்னது, இன்ன இடத்துக்குப் போ என்கிற அளவுக்குத் திட்டமானது, கொஞ்சம் கூச்சம் தருவது. (புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிறோமே வாக்குத்தத்த அட்டை, அதில் "உன் சகோதரனோடே ஒப்புரவாகு" என்று ஒரு அட்டைகூட எனக்கு இதுவரை வந்ததில்லை. எல்லாம் ஆசீர்வாதம், பெருக்கம், தலையாக்குவேன், வாலாக்கமாட்டேன். அச்சடிப்பவர்களுக்கு நம் மனசு தெரியும்.)

நம் தமிழிலேயே இந்த விஷயம் ஒளிந்திருக்கிறது. கேள் என்றால் காதால் கேள். கேள் என்றால் வாயால் கேள். "சொன்னா கேளு" என்றால் கீழ்ப்படி. மூன்றுக்கும் ஒரே சொல். திருக்குறளில் கேள்வி என்றொரு அதிகாரம் இருக்கிறதே, அதுவும் காது கொடுப்பதைப் பற்றியதுதான். எபிரெயத்தில் 'ஷமா' என்கிற சொல்லும் கேட்பது, கீழ்ப்படிவது இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நீ எழுதியதும் எனக்குத் தோன்றியது இதுதான்: எந்தக் கேட்பதைச் சொல்கிறாய்?

ஆலயத்தில் ஏலி என்கிற ஆசாரியரிடம் வளர்ந்த சாமுவேலின் கதையை எடுத்துக்கொள். "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சின்னப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு நடிப்பார்கள், அதோடு திரை விழும். நீகூட ஒரு வருஷம் ஏலியாக நடித்தாய், பஞ்சுத் தாடி மூக்கில் ஏறித் தும்மினாய். அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் நடிப்பதில்லை. ஆண்டவர் சொன்னது ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பு. தன்னை வளர்த்த பெரியவரிடம் அதைச் சொல்லப் பயந்து பிள்ளை விடியும்வரை படுத்துக் கிடந்தான். முதன்முதல் கேட்ட செய்தியே அவனுக்கு இனிக்கிற செய்தி இல்லை. இன்னொன்றையும் கவனி. ராத்திரியில் ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட மூன்று தடவையும் அவன் ஏலியிடம்தான் ஓடினான். ஆண்டவருடைய சத்தம் அவனுக்குப் பழகிய ஒரு மனிதக் குரல் போலவே இருந்திருக்கிறது. வானம் கிழியும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அது காதில் விழாமலே போகலாம்.

இப்போது உன் ஊழியக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கவும் சொல்லிவிட்டார். நம் சபைகளில் முதல் வரியோடு 'ஆமென்' போட்டுவிடுகிறோம்.

தாவீது ராஜா ஆலயம் கட்ட வேண்டும் என்று சொன்னபோது தீர்க்கதரிசியாகிய நாத்தான், "நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டான். நாத்தான் பொய்த் தீர்க்கதரிசி இல்லை. அன்றைக்கு ராத்திரியே ஆண்டவர் அவனைத் திருத்தினார். அவன் ராஜாவிடம் திரும்பப் போய், கட்டப்போவது நீர் இல்லை, உம்முடைய குமாரன் என்று சொன்னான். சாமுவேலும் அப்படித்தான். வயதாகி, இஸ்ரவேல் முழுக்கப் பேர் வாங்கிய பிறகு, புது ராஜாவை அபிஷேகம் பண்ணப் போன பெத்லெகேமில், தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்த்து இவன்தான் என்று நினைத்துவிட்டான். சாமுவேலுக்கே ஆள் மாறுகிறது, பாப்பா. உன்னிடம் சொன்னவரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: திரும்பி வந்து "நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லக்கூடிய மனுஷரா அவர்? அப்படிப்பட்டவர் என்றால் அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்.

ஆதியாகமம் 24-ஐ இன்றைக்கு ராத்திரி வாசி, அவசரமில்லாமல். நம் வேதத்தில் ஒரு வரன் பேச்சு இவ்வளவு நீளமாக வேறெங்கும் கிடையாது. எஜமானின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் வேலைக்காரன் கிணற்றடியில் அடையாளம் கேட்டான், கேட்டபடியே நடந்தது. ஒட்டகங்களுக்கும் சேர்த்து அந்தப் பெண் தண்ணீர் மொண்டு வார்த்தாள். வீட்டுக்காரர்கள் "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று வாயாலேயே சொல்லியாயிற்று. நகை கொடுத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. அதற்கு மேல் என்ன பாக்கி? மறுநாள் காலையில் ரெபெக்காளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" அவள் "போகிறேன்" என்றாள். ஜெபமும் அடையாளமும் குடும்பத்தின் சம்மதமும் அத்தனையும் இருந்தும், பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

நீ எழுதியதை நான் மூன்று தரம் வாசித்துவிட்டேன். ஊழியக்காரர் சொன்னது இருக்கிறது, அம்மா அழுதது இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுகூட இருக்கிறது. பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனோடு பத்து நிமிஷம் பேசினாயா? அவன் வீட்டு வேலைக்காரியிடம் எப்படிப் பேசுகிறான்? அவன் சிரிப்பது உனக்குப் பிடித்திருக்கிறதா? இதெல்லாம் மாம்சீகமான கேள்வி என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

ஒன்றும் கேட்கவில்லை என்பதற்காகவும் பயப்படாதே. எரேமியா 32-இல் ஒரு சின்ன வரி உண்டு. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றிக்கை போட்டிருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியா காவற்சாலை முற்றத்தில் கிடக்கிறான். எரேமியாவின் பெரியப்பா மகன் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுவான் என்று ஒரு வார்த்தை உண்டாகிறது. அவனும் வந்து அப்படியே சொல்லுகிறான். உடனே எரேமியா எழுதுகிறான்: "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்." அப்பொழுதுதான்! அத்தனை வருஷம் ஆண்டவருடைய வாயாக இருந்தவன், ஆள் வாசலில் வந்து நிற்கும்வரை காத்திருந்திருக்கிறான். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துப் பத்திரம் எழுதி முடித்த பிறகும், ஆண்டவரே இது என்ன என்கிற குழப்பத்தோடுதான் ஜெபம் பண்ணினான். உனக்கு இருக்கிற குழப்பம் விசுவாசக் குறைச்சல் என்று உன்னிடம் யார் சொன்னது?

டோனாவூருக்கு உன்னைச் சின்னதில் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்றைக் காட்டினேன். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறைக்கு அடையாளம் அதுதான். 1892-இல் "போ" என்கிற வார்த்தை தமக்குத் தெளிவாகக் கேட்டது என்று அந்த அம்மா சொன்னார்கள். எங்கே போவது? 1893-இல் ஜப்பான் போனார்கள், ஒன்றே கால் வருஷத்தில் உடம்பு கெட்டது. பிறகு கொஞ்ச நாள் இலங்கை. பிறகு இங்கிலாந்துக்கே திரும்பினார்கள். 1895-இல்தான் இந்தியா, அதுவும் முதலில் பெங்களூர். நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது அதற்கும் பிறகு. வந்தவர்கள் 1951-இல் சாகும்வரை ஊருக்குப் போகவில்லை. "போ" என்று கேட்டவருக்கே விலாசம் கிடைக்க இத்தனை சுற்று.

அம்மாவிடம் கோபப்படாதே. அவள் ஏன் ஊழியக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒருத்தி தன் மனசையே தேவசித்தம் என்று சொல்லிவிட்டுப் போனதை அவள் பதினேழு வயதில் பார்த்தவள். நம் வீட்டுப் பெண்களுக்குத் தானாக எதையும் தீர்மானிக்கத் தெரியாது என்று அவளுக்கு ஒரு பயம். அதில் என் பங்கு பெரிது. நான் அவளோடு பேசுகிறேன், அதை என்னிடம் விடு.

அடுத்த மாதம் பிரதிஷ்டைப் பண்டிகை. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. காய் நறுக்க ஆள் வேண்டும். நீ வந்தால் கத்தரிக்காய்ப் பக்கம் உட்காரலாம், வெங்காயம் எனக்கு. அந்த ஊழியக்காரர் சொன்னதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பையனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அன்றைக்குச் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன்
பெரியம்மா