காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு யாருடையது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கார் பந்தய விளையாட்டின் வட்டு இருக்கிறது. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் தாத்தாவும் பாட்டியும் கொடுத்த பணத்தை உண்டியலில் சேர்த்து, என் மகன் 3,999 ரூபாய்க்கு வாங்கியது. அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆடி முடித்ததும் துடைத்து உறையில் போட்டுத்தான் வைப்பான். சென்ற ஆண்டு ஒரு மாலை அதைப் போட்டபோது திரையில் வளையம் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு, சர்வருடன் (நிறுவனத்தின் மையக் கணினியுடன்) இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அவன் தனியாக ஆடுகிற விளையாட்டு அது. எதிரில் இன்னோர் ஆள் தேவையில்லை. வட்டு கெட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்டான். நான் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். நாங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதை ஆடுவதற்கான உரிமத்தை மட்டுமே என்று பதில் வந்தது. உறையை எடுத்துப் பார்த்தேன். இணைய இணைப்பு தேவை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எதுவரை ஆடலாம் என்று எங்கும் இல்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

இப்படிப் பறிபோனவற்றில் உலகம் அறிந்தது 'த க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு. பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கிச் சாலைகளாக விரித்த விளையாட்டு. நியூயார்க்கில் கிளம்பினால் லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். கதைப் பகுதியை ஒருவரே ஆடிவிடலாம். ஆனாலும் சர்வர் பதில் சொன்னால்தான் விளையாட்டு திறக்கும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள்; 2024 மார்ச் 31 அன்று சர்வரையும் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் நீக்கத் தொடங்கினார்கள். கிரைண்டர் விற்ற கடைக்காரர் பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் போலீசுக்குத்தான் போவோம்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான், யூடியூபில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும் ராஸ் ஸ்காட் 2024 ஏப்ரலில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்) இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் குடிமக்கள் கோரிக்கையை முன்வைக்க 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலை 31 அன்று அவகாசம் முடிந்தபோது 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிரிட்டன் நாடாளுமன்றம் இதை விவாதித்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளுக்கு உரிமம் மட்டுமே தருகிறவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போட்டு விற்கக் கூடாது. நல்ல தொடக்கம்தான். ஆனால், பறிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறிப்பது நியாயமாகிவிடாது.

நிறுவனங்கள் சர்வரைக் காலம் முழுவதும் ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாடகை, பராமரிப்பு, ஆள் சம்பளம், கார் நிறுவனங்களோடும் இசை நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தம் என்று செலவுகள் இருப்பது எங்களுக்கும் தெரியும். கடையை மூடட்டும். பல்லாங்குழி விற்றவர் கடையை மூடினால் வீட்டிலிருக்கும் பலகையில் குழி தூர்ந்துபோவதில்லை.

முடியாத காரியத்தையும் கேட்கவில்லை. 'நாக்அவுட் சிட்டி' என்ற இணைய விளையாட்டு 2023 ஜூனில் மூடப்பட்டபோது, ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும்படி கணினிக்கான ஒரு பதிப்பை இலவசமாகவே விட்டுச் சென்றார்கள். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற இன்னொரு இணைய விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது. ரசிகர்கள் நடத்திவந்த சர்வர் ஒன்றுக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரே உரிமம் வழங்கினார். இவ்வளவு ஏன், 'த க்ரூ'வின் இரண்டாம் பாகத்துக்கு இணையமின்றி ஆடும் வசதியை யூபிசாஃப்டே 2025-இல் கொடுத்தது. மக்கள் சத்தம் போட்ட பிறகு முடிந்தது, முதல் பாகத்தை வாங்கியவர்களுக்கு ஏன் முடியாமல் போனது?

இனி உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்று பிரிவு 2(46) சொல்கிறது. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையும் அதில் அடங்கும். 'எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் சேவையை நிறுத்துவோம்' என்று விளையாட்டு ஒப்பந்தங்களில் வருகிற வரியை அந்தப் பிரிவோடு வைத்துப் படித்துப் பாருங்கள். படித்துப் பேரம் பேசவா முடிகிறது? 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தாவிட்டால் வாங்கிய பொருள் திறக்காது.

பிரிவு 18 வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட உங்களுக்கு அதிகாரம் தருகிறது. 2023-இல் இணையக் கடைகளின் ஏமாற்று உத்திகளில் 13 வகையைப் பெயர் சொல்லித் தடுத்தீர்கள். கூடையில் நாம் கேட்காத பொருளைச் செருகுவது தவறு என்றால், கூடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பொருளைச் செயலிழக்க வைப்பதும் தவறுதானே?

ஆகவே ஒரு நெறிமுறை வெளியிடுங்கள். ஒரே தொகை வாங்கிக்கொண்டு விற்கப்படும் எந்த விளையாட்டும், சர்வரை நிறுத்தும் நாளில் ஆடக்கூடிய நிலையில் வாங்கியவரிடம் இருக்க வேண்டும். அதற்கு இணையமின்றி இயங்கும் வசதியைத் தருவதா, சர்வர் மென்பொருளை வெளியிடுவதா என்பதை நிறுவனமே முடிவு செய்யட்டும். பழைய விளையாட்டுகளை மாற்றுவது கடினம் என்பார்கள். இனி வருகிறவற்றுக்கு விதி செய்யுங்கள். வரைபடம் போடும்போதே இதற்கும் இடம் விட்டால் செலவு குறையும். வாடகைக்குத்தான் தருகிறோம் என்றால் வாடகை என்று எழுதி, குறைந்தது எந்தத் தேதிவரை என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். மூடும் முடிவை எடுத்த பிறகு அந்த விளையாட்டுக்குள் காருக்கும் உடைக்கும் காசு வசூலிப்பதை அன்றே நிறுத்த வேண்டும்.

ரசீது, உறையின் இரு பக்கப் படங்கள், நிறுவனம் அனுப்பிய பதில் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் வட்டையும் சேர்த்து அனுப்பிவைக்கிறேன். அது இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர், மதுரை