திருகோணமலை முதலாளிமாருக்கு: உங்கட நெட்வேர்க்கப் பாக்க ஒரு ஆளப் போடுங்க

டவுனில கடை, லாப், கெஸ்ட் ஹவுஸ் நடத்துற முதலாளிமாருக்கும் வர்த்தகர் சங்கத்துக்கும் வணக்கம்.

போன மாசம் ரத்தம் சோதிக்கிற ஒரு தனியார் லாபில கள்ளர் நெட்வேர்க்கால நுழைஞ்சு, கொம்பியூட்டருகளப் பூட்டிட்டுக் காசு கேட்டது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா மூதூரில இருந்து வந்த எங்கட பெரியம்மாவப் பத்தித் தெரிஞ்சிருக்காது. சீனி வருத்தக்காரி, விடிய வெறும் வயித்தோட பஸ் ஏறி வந்து ரத்தம் குடுத்தவ, அடுத்த நாள் கிளினிக்குக்கு, கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற கிரியேட்டினின் ரிப்போட் வேணும், போய்க் கேட்டா "சிஸ்டத்தப் பூட்டிட்டாங்க, காசு கேக்கிறாங்க, ஒண்டும் திறக்க ஏலாது" எண்டு கவுண்டர்ப் பிள்ளை அழாத குறையா நிக்குது. ரிப்போட் இல்லாம மருந்த மாத்த ஏலாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். புதுசா ரத்தம் எடுக்கலாம், சரி, ஆனா கிட்னி போன வருசம் எப்பிடி இருந்தது, இப்ப எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு ஒப்பிடுறதுக்கு இருந்த பழைய ரிப்போட்டெல்லாம் அந்தக் கொம்பியூட்டரோட போச்சு. அத ஆரு திருப்பித் தருவீங்க?

அந்தப் பிள்ளையில எனக்குக் கோவமில்ல. இப்பிடிப் பூட்டுறவங்க அனேகமா முதலே உள்ள வந்து, எங்க என்ன இருக்கெண்டு பாத்து, பேக்கப்பையும், அதாவது வேறயா எடுத்து வச்ச கொப்பியையும் அழிச்சிட்டுத்தான் பூட்டுறது. பாஸ்வேர்ட்டப் பிழையா அடிச்சு அடிச்சுப் பாத்தது, சாமத்தில ரிமோட் டெஸ்க்டொப்பால, அதாவது தூரத்தில இருந்து கொம்பியூட்டர இயக்கிற வழியால ஆரோ நுழைஞ்சது, வழமைக்கு மாறா டேட்டா வெளிய போனது, இதெல்லாம் சேர்வரிலயும், நெட்வேர்க்குக்குக் காவல் நிக்கிற ஃபயர்வோலிலயும் பதிவாகும். பாக்கிறதுக்கு ஆளில்ல, அதுதான் கோவம். வாசலுக்கு சிசிடிவி கமரா போடுறீங்க, நெட்வேர்க்குக்கு ஒரு கண் வேணுமெண்டு ஏன் நினைக்கிறீங்க இல்ல?

கருவி வாங்கி வச்சாலும் பாக்காட்டிப் பிரயோசனமில்ல. 2017ல அமெரிக்காவில எக்விஃபக்ஸ் எண்ட, ஆக்கள்ட கடன் விபரம் சேர்த்து வைக்கிற கம்பனிக்குள்ள கள்ளர் 76 நாள் இருந்தவங்க, 14 கோடிக்கு மேல ஆக்கள்ட விபரம் போனது. கண்காணிக்கிற கருவி இருந்ததுதான், அது வேலை செய்யத் தேவையான டிஜிட்டல் சேர்டிஃபிகேட் காலாவதியாகி மாசக்கணக்கா ஒருத்தரும் கவனிக்கல்ல, புதுப்பிச்ச உடன சந்தேகமான ட்ராஃபிக் தெரிஞ்சிட்டு.

நம்மட நாட்டில அரசாங்கமே 2023ல, இப்பிடிப் பூட்டிட்டுக் காசு கேக்கிற ரான்சம்வேர் எண்ட புரோகிராமால மே 17இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்கும் ஈமெயில்கள இழந்தது, அந்தக் காலத்துக்குப் பேக்கப்பும் இருக்கல்ல. பில்லுக்கு ஃபோன் நம்பர், அதுக்கு இதுக்கெண்டு அடையாள அட்டை நம்பர், நிலாவெளி உப்புவெளிப் பக்கம் ரூம் எடுக்க வாற வெள்ளைக்காரர்ட பாஸ்போட் கொப்பி, எல்லாம் கேட்டு வாங்குறீங்க, வாங்கி வைக்கிற கொம்பியூட்டரும் கஸ்டமருக்குக் குடுக்கிற வைஃபையும் ஒரே ரவுட்டரில கிடக்குது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, எத்தின பேர் வாசிச்சீங்க? எங்கட விபரத்த வாங்குறவங்கதான் அதப் பாதுகாக்கவும் வேணும்.

கோவத்தில கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், குறை நினைக்காதீங்க. பெரிய கம்பனி மாதிரிச் செலவழிக்கச் சொல்லல்ல. தனியா ஏலாட்டி நாலஞ்சு கடை சேந்து ஒரு ஆளப் போடுங்க, கோணேசபுரி கம்பஸில கொம்பியூட்டர் படிச்சிட்டு வேலை தேடுற பிள்ளையள் இருக்கிறாங்க. ஒவ்வொரு நாளும் பதிவுகளப் பாக்கிறது, சந்தேகமெண்டா அந்தக் கொம்பியூட்டர உடன நெட்வேர்க்கில இருந்து கழட்டிட்டு கொம்பியூட்டர்த் தாக்குதல்களக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்துக்கு அறிவிக்கிறது, இதுக்கு ஒரு பொறுப்பான ஆள். சங்கத்திட அடுத்த கூட்டத்தில இத முதலாவது விசயமா எடுங்க எண்டு தயவாக் கேட்டுக்கொள்ளுறன்.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து உங்கட வாடிக்கையாளர் ஒருவர்