மகளின் கல்லூரிச் செலவு குறித்து

தண்டையார்பேட்டை,
சென்னை – 81.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விசாகப்பட்டினத்தில் வேலை நிரந்தரமானதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அச்சக வேலை வழக்கம்போல் ஓடுகிறது. மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காசிமேட்டு வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, முகவர் ஒருவர் சொல்லும் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் உன் மகளுக்கு இடம் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் பதில்.

அவள் ஆறாம் வகுப்பு முதல் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள் என்பது உனக்கு நினைவில்லை போலும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தோருக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2021 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அதன்வழி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் இது கிடைக்கும். முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து நிர்வாக இடத்தை வாங்கினால், இலவசமாக வரவேண்டியதைக் காசு கொடுத்து இழந்தவன் ஆவாய்.

இதற்கு மேல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். 2022 செப்டம்பர் 5 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்டதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். எதிர்வீட்டுப் பெண் அங்கே பி.காம். படிக்கிறாள், தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ் எல்லாம் அந்தப் பணத்திலேயே தள்ளிவிடுகிறாள், சாதாரணக் கட்டணப் பேருந்தில் போவதால் பயணச் செலவும் இல்லை. ஆமாம், பொறியியல்தான் வேண்டுமென்று உன் மகள் சொன்னாளா? போன ஞாயிறு வந்திருந்தபோது தனக்கு வேதியியல்தான் பிடிக்கும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. என்றால் செலவு மிகக் குறைவு. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

என் கதை வேறு. மகன் மெட்ரிக் பள்ளியில் படித்தவன் என்பதால் 7.5 விழுக்காட்டுக்குள் வரவில்லை. எங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லாததால் முதல் பட்டதாரிச் சலுகையாக ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழிந்தது. இதுவும் கலந்தாய்வில் சேர்ந்ததால் கிடைத்ததே. மீதிக் கட்டணம், கல்லூரிப் பேருந்து, மடிக்கணினி ஆகியவற்றுக்குக் கல்விக் கடன் வாங்கினோம். முதலில் போன வங்கிக் கிளையில், சொத்துப் பத்திரம் உண்டா என்றுதான் கேட்டார்கள். 4 லட்சம் ரூபாய் வரை அடமானமும் வேண்டாம், நம் பங்காக முன்பணமும் வேண்டாம் என்பது வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே உள்ள விதி. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடும் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தந்த கட்டண விவரம், அங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ் ஆகியவற்றோடும் மறுபடி போனபோது, அதே மேசையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்குத் தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நம் பக்கத்துக் குடும்பங்கள் வட்டிக்குக் கொடுக்கும் தண்டல்காரரிடம் போய் நிற்பதற்குக் காரணம், பணம் கேட்கும் நாளும் பணம் வரும் நாளும் ஒத்துப்போவதில்லை என்பதுதான். சேர்க்கையின்போது கல்லூரி கேட்பது உடனடி ரொக்கம். உதவித்தொகையோ ஆண்டுக் கடைசியில்கூட வந்து சேரும். ஆகவே ஒரு முப்பதாயிரம் கையில் இருக்க வேண்டும். தங்கை, அதாவது உன் மனைவி, கட்டிவரும் ஏலச் சீட்டை ஜூனில் எடுக்க நினைத்தால், பள்ளிக்கூடச் செலவுக்காக எல்லோரும் அந்த மாதத்தையே கேட்பார்கள், தள்ளு, அதாவது சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை, ஏறிவிடும். மார்ச்சிலேயே எடுத்து வங்கியில் போட்டுவிடச் சொல். அதுவும் போதாவிட்டால் இரண்டு வளையலை வங்கியிலேயே நகைக் கடனுக்கு வைக்கலாம். அடகுக் கடையைவிட வட்டி குறைவு.

ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்றையும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய வருமானச் சான்றையும் மதிப்பெண் வருமுன்பே வாங்கிவிட வேண்டும். வந்தபின் வரிசை தெருமுனை வரை நிற்கும். தங்கைக்குத் துணையாக நானே போய்வருகிறேன். அந்த முகவரிடம் முன்பணம் ஏதேனும் கொடுத்துவிட்டாயா, கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்பதை மட்டும் உடனே எழுது.

என்றும் உன் அன்பு நண்பன்.